புது மியூசிக் பிளேயருக்குக் காத்திருப்பவர்கள் கேட்டவை

32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ் என்கிறார்கள். வரப்போகும் பிளேயருக்காகக் காத்திருக்கலாமா? (காட்பாடி)

அந்த எண்ணுக்காக என்றால் வேண்டாம். பிட் என்பது ஒலியை ஒவ்வொரு முறையும் எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறார்கள் என்பது, கிலோஹெர்ட்ஸ் நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை என்பது. சி.டி.யின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸிலேயே 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலி பதிவாகிவிடும். நல்ல காதுக்கே 20 தான் எல்லை, வயதானால் அதுவும் இறங்கும். விளம்பரத்தில் பெரும்பாலும் கண்ணில் படாத அவுட்புட் இம்பீடன்ஸை (பிளேயரின் வெளியீட்டில் உள்ள மின்தடையை) தேடிப் பாருங்கள். 1 ஓமுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

பேலன்ஸ்டு ஆர்மச்சர் (குட்டி உலோக நாக்கு அதிர்ந்து ஒலி தரும் வகை) இயர்போன்களின் இம்பீடன்ஸ் ஒரே அளவில் நிற்காது. ஒரு ஸ்தாயியில் 8 ஓம், இன்னொன்றில் 40 ஓம் என்று ஏறி இறங்கும் இயர்போனை 10 ஓம் அவுட்புட்டில் செருகினால், இரண்டு இடத்துக்கும் 5 டெசிபல் வித்தியாசம் விழும். 1 ஓம் அவுட்புட்டில் அது 0.8 டெசிபல்தான். இம்பீடன்ஸ் இறங்கும் இடம் கீழ்ஸ்தாயியில் இருந்தால் தவில் சோர்ந்துபோய்க் கேட்கும். ஸ்தாயிவாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் ஓரளவு சரிக்கட்டலாம். ஆனால் காசு கொடுத்து வாங்கிய பிறகு எதற்கு அந்த வேலை? ஒற்றை டைனமிக் டிரைவர் (சாதாரண ஸ்பீக்கர்போல் காந்தமும் சுருளும் உள்ள வகை) இயர்போன் என்றால் இந்தத் தொல்லை குறைவு.

என் ஹெட்போன் 300 ஓம். சின்ன பிளேயர் இழுக்குமா? (ஆம்பூர்)

சென்சிடிவிட்டியையும் (ஒரு மில்லிவாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பதையும்) சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். 1 வோல்ட் தரும் பிளேயர் 32 ஓமில் 31 மில்லிவாட் தள்ளும், 300 ஓமில் 3 தான். ஹெட்போன் மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் என்றால் உச்சம் சுமார் 101. சினிமாப் பாட்டுக்குப் போதும். மெல்லிய குரலில் பதிவான பழைய கச்சேரிக்கு 2 வோல்ட்டாவது வேண்டும்.

பாட்டு நின்றதும் 'ஸ்ஸ்' என்று இரைகிறது. (குடியாத்தம்)

பிளேயர் செட்டிங்கில் கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) 'லோ'வில் வையுங்கள். காரில் சார்ஜ் ஏறும்போது ஆக்ஸ் கேபிளில் (பிளேயரை கார் ஸ்டீரியோவோடு இணைக்கும் ஒயரில்) மட்டும் இரைந்தால் கிரவுண்ட் லூப், அதாவது சார்ஜரும் கேபிளும் இரண்டு வழியாக எர்த் ஆவதால் வரும் இரைச்சல். சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும்.

128 கே.பி.பி.எஸ். எம்.பி.3 பாட்டுகளை ஃபிளாக் ஆக்கினால் தரம் கூடுமா? (ஆற்காடு)

கூடாது, கோப்புதான் பெருக்கும். ஃபிளாக் இருக்கும் ஒலியை இழப்பின்றிச் சுருக்கும் வடிவம், எம்.பி.3 ஏற்கெனவே வெட்டி எறிந்ததை அது திருப்பித் தராது. கரைத்த மோரிலிருந்து வெண்ணெய் எடுக்கிற கதை. ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் நிரலில் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த ஸ்தாயியில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) பாருங்கள்: 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் நறுக்கினாற்போல் நின்றிருந்தால், 'ஃபிளாக்' என்று பெயர் போட்டிருந்தாலும் அது பெரும்பாலும் பழைய எம்.பி.3 தான். சி.டி.யிலிருந்து நேராக எடுங்கள். ஒரு மணி நேர இசை 635 எம்.பி., ஃபிளாக்கில் அதில் பாதிக்குச் சற்று மேல்.

மலிவாக வாங்கிய 512 ஜி.பி. கார்டில் பாட்டு பாதியில் அறுந்துவிடுகிறது. (ராணிப்பேட்டை)

போலி கார்டாக இருக்கலாம். உள்ளே 32 ஜி.பி. இருக்கும், 512 என்று பொய் சொல்லும். நிரம்பிய பிறகு எழுதியதெல்லாம் காணாமல் போகும். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ நிரலால் கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்துப் பாருங்கள். பழைய பாட்டுகளை முதலில் கம்ப்யூட்டரில் எடுத்து வையுங்கள்.

கடையில் கேட்டுப் பார்த்து வாங்கும்போது என்ன கவனிக்க வேண்டும்? (வேலூர்)

உங்கள் இயர்போன், உங்கள் பாட்டு இரண்டையும் கொண்டுபோங்கள். இரண்டு பிளேயரிலும் சத்தத்தைச் சமமாக்குங்கள், போன் ஆப் அளவீடே போதும். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பது காதுக்கு 'தெளிவாக' இருப்பதுபோல் தோன்றும், விற்பவருக்கும் அது தெரியும். வாங்கிய பிறகு அக்னி நட்சத்திர வெயிலில் கார் டாஷ்போர்டில் மட்டும் விடாதீர்கள். லித்தியம் பேட்டரி உப்பி ஸ்கிரீனையே நெம்பிவிடும்.