ஜான் போகிளை இண்டெக்ஸ் ஃபண்டின் (பங்குச் சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் முதலீட்டு ஃபண்ட்) முன்னோடி என்கிறார்களே, அப்படி என்னதான் செய்தார்?

1951-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்து முதலீட்டு ஃபண்டுகளை நிர்வகித்த வெலிங்டன் நிறுவனத்தில் சேர்ந்தவர். 1966-ல் வெலிங்டனை இன்னொரு முதலீட்டு நிறுவனத்தோடு சேர்த்து அவர் முன்னின்று செய்த இணைப்பு, சந்தை சரிந்தபோது கசந்துபோய், 1974 ஜனவரியில் அவரையே வெளியே தள்ளியது. ஆனால் வெலிங்டன் நிர்வகித்த ஃபண்டுகளின் இயக்குநர் குழு அவரைக் கைவிடவில்லை. அந்த ஆண்டே வான்கார்டு என்ற அவருடைய புது நிறுவனம் பிறந்தது. அதன் உரிமையாளர்கள் அதன் ஃபண்டுகளே. அதாவது அவற்றில் பணம் போட்டவர்கள். என் பார்வையில் அவருடைய உண்மையான சாதனை இதுதான். லாபம் எடுத்துக்கொள்ள வெளியாள் இல்லாததால்தான் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போக முடிந்தது.

தொடக்கத்தில் வான்கார்டுக்கு ஃபண்டுகளின் அலுவலக நிர்வாக வேலை மட்டுமே. முதலீட்டை நிர்வகிக்க அனுமதி இல்லை. குறியீட்டை அப்படியே பின்பற்றுவது 'நிர்வகிப்பது' ஆகாது என்று வாதாடித்தான் இண்டெக்ஸ் ஃபண்டைத் தொடங்கினார். 1976-ல் 15 கோடி டாலர் எதிர்பார்த்தார்கள். வந்தது சுமார் 1.13 கோடி. அமெரிக்காவின் சுமார் 500 பெரிய நிறுவனங்களைக் கொண்ட பங்குக் குறியீடான எஸ் அண்ட் பி 500-ல் உள்ள எல்லாப் பங்குகளையும் வாங்க அது போதாது. பெரிய நிறுவனங்களையும், மீதிக்கு மாதிரியாகச் சிலவற்றையும் சேர்த்து ஏறத்தாழ 280 பங்குகளோடு ஆரம்பித்தார்கள். 'போகிளின் முட்டாள்தனம்' என்று பலர் எள்ளினார்கள்.

அவர் விடாமல் சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 1 லட்சம் டாலர், 30 ஆண்டு, 7% வளர்ச்சி என்றால் சுமார் 7.61 லட்சம். கட்டணம் 2% போய் 5% ஆனால் 4.32 லட்சம்தான்.