அம்மா நடக்கிற வழியில் ஓர் இடம்

தம்பி, ராத்திரி டியூட்டி முடிந்து வரும்போது பஸ்ஸில் உங்கள் கேள்வியைப் படித்தேன். வீட்டுக்கு வந்து இன்னொரு தரம் படித்தேன். நீங்கள் ஷெஃபீல்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டில், அம்மாவிடம் விட்டுவந்த உங்கள் நாய் டைகருக்கு 14 வயது. பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன, இனி நாள் கணக்குதான் என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டார் என்கிறீர்கள். மார்ச்சில் அம்மாவுக்கு ஓய்வு. லைன் வீட்டைக் காலி செய்துகொண்டு கோத்தகிரியில் உங்கள் அக்கா வீட்டுக்குப் போகிறார். டைகரை இங்கே கொண்டுவர முடியுமா, இல்லாவிட்டால் எரித்துச் சாம்பலையாவது வரவழைக்கலாமா, புதைப்பதென்றால் எங்கே புதைக்கச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இங்கே கொண்டுவர நினைக்காதீர்கள். இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்கு நாய் வர வேண்டுமானால் மைக்ரோசிப் வைத்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, 30 நாள் கழித்து ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து இன்னும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கணக்குப் பாருங்கள், எல்லாம் ஒழுங்காக நடந்தாலே நாலு மாதம். அதற்குப் பிறகும் விமானத்தில் உங்கள் பக்கத்தில் உட்கார முடியாது, சரக்காகத்தான் வர வேண்டும். எழுந்து நிற்க முடியாத கிழவனைக் கூண்டில் அடைத்து மலையிலிருந்து இறக்கி அத்தனை தூரம் கொண்டுவருவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கடைசி நாட்களில் அவனுக்குத் தெரிந்த வாசனை அவனைச் சுற்றி இருக்கட்டும்.

சாம்பல் கேட்பது எதனால் என்று புரிகிறது. நானும் கேட்டவள்தான். ஆனால் அந்தப் பெட்டி உங்கள் அலமாரிக்கு வந்துவிட்டால் அம்மாவிடம் என்ன மிஞ்சும்? நீங்கள் படிக்கப் போன நாளிலிருந்து அவனுக்குச் சோறு வைத்தது அவர். இப்போது தூக்கிக்கொண்டு போய் வெயிலில் போடுவதும் அவர்.

என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்களும் தோட்டத்துக்காரர்கள்தான், கோத்தகிரிப் பக்கம். நான் 2005-இல் இங்கே வந்தேன். மணி என்று ஒரு செவலை நாய். நான் நர்சிங் படிக்கும்போது மழையில் நனைந்து வந்து ஒண்டிக்கொண்டது. 2010 அக்டோபரில் மணி இறந்தபோது நான் வார்டில் இருந்தேன். அப்பா போன் செய்தார். நான் அழுதுகொண்டே, மேல் மலையில் ஒரு பெரிய சில்வர் ஓக் இருக்கிறதே, அதன் அடியில் புதையுங்கள் என்று சொன்னேன். லீவில் போகும்போதெல்லாம் நானும் மணியும் உட்காரும் இடம் அது. அங்கிருந்து பார்த்தால் கீழே சமவெளி வரை தெரியும். அப்பாவுக்கு முழங்கால் வலி. வீட்டுக்குப் பின்னாலேயே வைத்துக்கொள்ளலாமே பாப்பா என்றார். நான் கேட்கவில்லை. மணியைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, அந்த மழையில் ஏறிப் போய்ப் புதைத்தார்.

2012-இல் ஊருக்குப் போனேன். போன அன்றே மேலே ஏறினேன், அப்பாவும் கூடவே வந்தார். சில்வர் ஓக் அடியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதேன். பொறை பிஸ்கட் ஒரு பொட்டலம் வாங்கிப் போயிருந்தேன், அதை உடைத்துப் போட்டேன். அப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அன்று ராத்திரி அம்மாதான் சொன்னார். வலியோடு தோண்டியதில் குழி இரண்டடிகூட வரவில்லையாம். மூன்றாம் நாள் காட்டுப்பன்றி கிளறிவிட்டிருக்கிறது. மிச்சத்தை அப்பாதான் வாளியில் எடுத்து வந்து, வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஆழமாகத் தோண்டி வைத்து, உடைந்த அம்மிக்கல்லை மேலே போட்டு மூடியிருக்கிறார். இரண்டு வருடம் எனக்குச் சொல்லவில்லை. நான் அந்த மரத்தடியில் அழுதபோதும் சொல்லவில்லை. விடிந்ததும் பின்னால் போய்ப் பார்த்தேன். அம்மிக்கல் மேல் இரண்டு பருக்கைச் சோறு காய்ந்து கிடந்தது. தினமும் சாப்பிடுவதற்கு முன்னால் அப்பா அதில் ஒரு கை வைப்பாராம்.

அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இடம் தேடும்போது உங்கள் நினைவில் எது அழகாக இருக்கிறது என்று பார்க்காதீர்கள். அவனுக்குக் கடைசியாகச் சோறு வைத்தவர் தினமும் எந்த வழியில் நடப்பார் என்று பாருங்கள். அங்கே வையுங்கள்.

உங்கள் வீட்டு நிலவரத்தில் அது கோத்தகிரியில் அக்கா வீட்டு நிலம். டைகர் வளர்ந்தது அந்த லைனில்தான், அவன் மண் அதுதான் என்று உங்கள் மனசு சொல்லும். ஆனால் மார்ச்சுக்குப் பிறகு அந்த வீட்டில் வேறு ஆள் இருப்பார். செடியைப் பிடுங்கி மறுநடவு செய்தால் அடையாளமே இருக்காது. அதை யாரிடமும் போய்க் கேட்கவும் முடியாது. அக்காவுக்கு நாலு சென்ட் பட்டா நிலம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அது பெரிய விஷயம். அத்தானிடம் இன்றைக்கே நீங்களே பேசிவிடுங்கள், அம்மா கேட்கும்படி விடாதீர்கள். குன்னூரிலிருந்து கோத்தகிரி இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஒரு ஜீப் பேசி வையுங்கள். நம் ஊர்க் குளிரில், காலையில் உயிர் போனால் சாயங்காலத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிடலாம்.

ஒருவேளை முடியாமல் போய் லைனுக்குப் பின்னால்தான் என்றானால் தோட்டத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வையுங்கள். கிளம்பும்போது கல்லையும் ஒரு டப்பா மண்ணையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். 2015-இல் அப்பா ஓய்வு பெற்று நாங்கள் கட்டிய சின்ன வீட்டுக்கு வந்தபோது சாமான்களோடு அந்த அம்மிக்கல்லும் வந்தது. அப்பா 2019-இல் போய்விட்டார். கல் கிணற்றடியில் இருக்கிறது. அம்மா துணி துவைக்கும்போது சோப்பை அதன் மேல்தான் வைப்பார். லீவில் போகும்போது அதைப் பார்த்தால் எனக்கு அத்தனை நிம்மதி.

குழி விஷயத்தில் நான் செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம். நாலடிக்குக் குறையக் கூடாது. வயசாளிகளைத் தோண்டச் சொல்லாதீர்கள். இரண்டு ஆளுக்குக் கூலி அனுப்பி இப்போதே பேசி வையுங்கள். பிளாஸ்டிக் எதுவும் சுற்ற வேண்டாம், பழைய வேட்டியோ சாக்கோ போதும், அம்மாவின் பழைய சேலை என்றால் இன்னும் நல்லது. மண்ணை மிதித்து இறுக்கி, பன்றி புரட்ட முடியாத அளவுக்குப் பெரிய கல்லாக மேலே அடுக்கச் சொல்லுங்கள். ஊற்றுக்கும் குடிதண்ணீர் ஓடைக்கும் தள்ளி இருக்கட்டும், நம் மலையில் கீழே இருக்கிற வீடுகள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. தண்ணீர் வடியக் கான் வெட்டிய இடத்திலும், வீட்டுக்கு மேலே செங்குத்தாக இருக்கிற மேட்டிலும் தோண்டாதீர்கள். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்ததை நீங்கள் சின்னப் பையனாகப் பார்த்திருப்பீர்கள். கல்லுப்பு கொட்டுகிற வழக்கம் உண்டு. மேலே செடி வைப்பதாக இருந்தால் அதை விட்டுவிடச் சொல்லுங்கள், உப்பில் வேர் பிடிக்காது. தவிட்டுப்பழச் செடி கிடைத்தால் வையுங்கள். குளிர் தாங்கும், புதராக அடர்ந்து வரும், குழந்தைகள் பழம் பறிக்க வரும்.

டாக்டர் ஊசி போட்டுத் தூங்க வைக்கிற நிலைமை வந்தால் இன்னும் கவனம் வேண்டும். அந்த மருந்து உடம்பிலேயே தங்கியிருக்கும், தோண்டித் தின்கிற நரிக்கும் கழுகுக்கும் அதுவே விஷம். நம் மாயாறு பக்கம் மிஞ்சியிருக்கிற பிணந்தின்னிக் கழுகுகள் எத்தனை அருமையானவை என்று உங்களுக்குத் தெரியும். காட்டுக்குள்ளோ பள்ளத்திலோ போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். சிறுத்தையை வீட்டு வாசலுக்கு அழைக்கிற வேலையும் அதுதான். அந்த ஊசிக்குச் சம்மதிப்பது பாவமோ என்று அம்மா தயங்கினால் என்னிடம் பேசச் சொல்லுங்கள். இங்கே நான் வளர்த்த பெல்லாவுக்கு 2021-இல் அந்த முடிவை நான்தான் எடுத்தேன். தலை என் மடியில் இருந்தது, மூச்சு மெதுவாக நின்றது.

பெல்லாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு நீங்களும் இங்கே ஒன்று வளர்ப்பீர்கள். இங்கிலாந்தில் சொந்த வீடென்றால் தோட்டத்தில் புதைக்கலாம், வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். எரிப்பதென்றால் தனியாக எரிக்கிறார்களா, மற்றவற்றோடு சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாம்பல் திரும்ப வேண்டுமானால் தனியாகத்தான். வீடு மாறுவோம் என்று தெரிந்ததால் நான் அவள் சாம்பலை நிறைய மண்ணோடு கலந்து பெரிய தொட்டியில் போட்டு ரோஜா வைத்தேன். கலக்காமல் போட்டால் செடி கருகிவிடும். போன வருடம் வீடு மாறியபோது தொட்டியும் கூடவே வந்தது.

கல்லில் பேர் எழுதலாமா, ஊரில் சிரிப்பார்களா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். என் வீட்டுக்காரர் திருவண்ணாமலைக்காரர். ஒரு தடவை லீவில் தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூருக்கு என்னைக் கூட்டிப் போனார். அங்கே ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. செத்துப்போன வீரனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பேர் கோவிவன், கள்ளர்களைக் கடித்துக் காத்தது என்று வட்டெழுத்தில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். 1,400 வருடத்துக்கு முன்னால் பல்லவர் காலத்தில் நாயின் பேரைக் கல்லில் வெட்டியவர்கள் நாம். டைகர் என்று தாராளமாக எழுதுங்கள்.

அப்புறம் ஒன்று. இதை நான் அதிகம் யாரிடமும் சொன்னதில்லை. என் அப்பாயி 1974-இல் இலங்கையிலிருந்து வந்தவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் பேர் விழுந்து அனுப்பப்பட்ட குடும்பம். அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கோச்சி, அதாவது ரயில், ஏறித் தலைமன்னார் போய், கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து நீலகிரிக்கு வந்தார்கள். அந்தக் கோச்சியை ஒப்பாரிக் கோச்சி என்றுதான் எங்கள் ஆட்கள் சொல்வார்கள். அப்பாயி வளர்த்த நாய் ஸ்டேஷன் வரை வந்ததாம், கோச்சி நகர்ந்ததும் தண்டவாளத்தோரமே ஓடி வந்ததாம். வளைவு திரும்பியதும் தெரியவில்லை. அது எங்கே போனது, யார் சோறு வைத்தார்கள், எங்கே செத்தது, ஒன்றும் தெரியாது. சாகிற வரைக்கும் அப்பாயி அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் வீடும் தாயகம் திரும்பிய குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அம்மாவிடமும் இப்படி ஒன்று இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

ஐந்து மாதத்தில் டிக்கெட் போட்டு ஓடிப்போக முடியாது என்று எனக்குத் தெரியும், லீவு கிடைக்காது. அதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். சாயங்காலம் அம்மா சோறு வைக்கிற நேரத்தில் போன் போட்டு, போனை அவன் காதுகிட்ட வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் அவனை எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே கூப்பிடுங்கள். வால் ஆடுகிறதா என்று அம்மா சொல்வார்.

இடம் முடிவானதும் ஒரு வரி எழுதுங்கள். மே மாதம் நான் கோத்தகிரியில் மூன்று வாரம் இருப்பேன். அக்காவுக்குச் சம்மதமென்றால் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், தவிட்டுச் செடி கிடைக்காமல் இருந்தால் நானே ஒன்று கொண்டுபோய் வைக்கிறேன்.