கொடைக்கானலில் வீடு: ஓனரிடமே பேசி எடுப்பவர்களுக்கு

முழுப் பரீட்சை முடியும் சமயம் வந்துவிட்டால் எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்டில்கூட என்னை யாராவது நிறுத்திக் கேட்பார்கள்: கொடைக்கானலில் எந்த வீடு, யாரிடம் பேசுவது, அட்வான்ஸ் எவ்வளவு? ஹோட்டல் வேண்டாம், தனி வீடுதான் என்று நான் சுற்றுவது எல்லோருக்கும் தெரிந்துபோனதால் வந்த வினை. பெரம்பூர் முதல் தாம்பரம் வரை இந்த முறை வந்த கேள்விகளுக்கு மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

பெரம்பூர்: அக்கா, புக்கிங் ஆப்பில் ஒரு நாளைக்கு 9,000 காட்டும் வீட்டை, ஓனர் போனில் 7,000க்குத் தருகிறேன் என்கிறார். ஏன் இவ்வளவு வித்தியாசம்?

ஆப்காரர்களின் கமிஷன் ஒன்று, ஜிஎஸ்டி இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 வரை 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம். ஓனர் சின்ன ஆளாக இருந்தாலும், ஆப் வழியாகப் போனால் அந்த வரியை ஆப் வசூலித்துக் கட்டியாக வேண்டும். அதே ஓனருக்கு வருட வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை. அதனால் நேரடியாகப் பேசும்போது வரி வராது. இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் சில ஆப்கள், நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஓனருக்குப் பணத்தை விடுவிக்கும். அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது. மிச்சமாகும் 2,000 ரூபாய் சும்மா வருவதில்லை. ஆப் பார்க்க வேண்டிய வேலையை நீங்கள் பார்ப்பதற்கான கூலி அது.

மடிப்பாக்கம்: பேசுகிறவர் நிஜமான ஓனர்தானா என்று இங்கே இருந்துகொண்டு எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஒன்று. "நான்தான் ஓனர்" என்று பேசும் பலர் வீட்டை லீசுக்கு எடுத்து நடத்துபவர்கள். அது பெரிய குற்றமில்லை. ஓனர் சென்னையிலோ மதுரையிலோ இருப்பார், இவர் அங்கே கவனித்துக்கொள்வார். பணத்தைத் திருப்பித் தரும் அதிகாரம் யாருக்கு என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வீடே இல்லாமல் ஏமாற்றுகிறவர்கள் வேறு ரகம். அவர்கள் காட்டும் போட்டோக்கள் வேறு எங்கிருந்தோ எடுத்தவை. கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தால் பல நேரம் உடனே அகப்பட்டுவிடும். அதையும் தாண்டிச் சந்தேகம் இருந்தால் வாட்ஸ்அப் வீடியோ கால் கேளுங்கள். ரெக்கார்டு பண்ணி அனுப்பிய வீடியோ செல்லாது. ரோட்டில் இருந்து கேட் வழியாக உள்ளே நடந்து வரட்டும், பாத்ரூம் குழாயைத் திறந்து காட்டட்டும். "நெட்வொர்க் சரியில்லை" என்பது அங்கே உண்மையாகவும் இருக்கலாம், சரி, நாளைக்குக் காட்டட்டும். மூன்று நாளாகியும் நெட்வொர்க் வரவில்லை என்றால் வீடும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பக்கத்தில் எந்தக் கடை, பஸ் எங்கே நிற்கும், ஏரிக்கு எந்த வழி என்று சும்மா பேச்சுவாக்கில் கேளுங்கள். அங்கே இருப்பவர் யோசிக்காமல் சொல்வார். அந்தப் பதிலைக் கொடைக்கானல் டாக்சி டிரைவர் யாரிடமாவது ஒரு வார்த்தை விசாரித்தால் முடிந்தது. ஜிஎஸ்டி சேர்த்துக் கேட்கிறாரா? 15 இலக்க எண்ணை வாங்கி ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் பதிவான பெயர் வந்துவிடும்.

உள்ளாட்சி அனுமதி இருக்கிறதா என்றும் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். கொடைக்கானலில் அனுமதியில்லாத கட்டடங்களுக்கு நீதிமன்ற உத்தரவின்படி நகராட்சி சீல் வைத்ததுண்டு. நீங்கள் புக் பண்ணிய வீடு அந்த வரிசையில் வந்தால் மூட்டை முடிச்சோடு ரோட்டில்தான் நிற்க வேண்டும்.

குரோம்பேட்டை: முழுப் பணத்தையும் முன்னாடியே கேட்கிறார். மே மாதம் என்பதால் அப்படித்தான் என்கிறார்.

கொடுக்காதீர்கள். நான் கால் பங்குக்கு மேல் தருவதில்லை. மே மாதம் என்றால் பாதி வரை போகலாம். யுபிஐயில் அனுப்பும் முன் திரையில் வரும் வங்கிப் பெயரையும் அவர் சொன்ன பெயரையும் ஒப்பிடுங்கள். "மச்சான் அக்கவுண்ட்" என்றால் காரணம் கேளுங்கள். தேதி, வாடகை, எத்தனை பேர், கேன்சல் செய்தால் எவ்வளவு திரும்ப வரும் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் நீங்களே எழுதி அனுப்பி "சரி" என்று ஒரு பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் வழக்கு என்று வந்தால் அந்த ஒரு "சரி"க்கு மதிப்பு அதிகம்.

அம்பத்தூர்: அட்வான்ஸைத் திருப்பித் தர க்யூஆர் அனுப்பியிருக்கிறார், ஸ்கேன் செய்து யுபிஐ பின் நம்பரைப் போடச் சொல்கிறார்.

வேண்டவே வேண்டாம். பணம் நம் கணக்குக்கு வர யுபிஐ பின் நம்பரே தேவையில்லை. ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள்.

அண்ணா நகர்: அம்மா அப்பாவுக்கு எழுபது தாண்டியாச்சு. வீட்டைப் பற்றி என்னவெல்லாம் விசாரிப்பது?

படி. முதல் கேள்வியே படிதான். மலைச் சரிவில் கட்டிய வீட்டில் "கிரவுண்ட் ஃப்ளோர்" என்பார்கள், ரோட்டில் இருந்து நாற்பது படி கீழே இருக்கும். கார் வாசல் வரை வருமா, கடைசிக் கொஞ்ச தூரம் ஜீப்பா என்று கேளுங்கள். வட்டக்கானல் பக்கம் ரோடு குறுகல், ஏற்றமும் அதிகம். "கொடைக்கானலில்" என்று சொல்லி 12 கி.மீ. கீழே பெருமாள்மலையில் வீடு தருவார்கள். பூம்பாறை இன்னும் தள்ளி. அமைதி வேண்டும் என்றால் அவை அருமை, ஆனால் ராத்திரி டாக்டரிடம் ஓடுவதற்கு ஆகாது.

கீசர் எல்லா பாத்ரூமிலும் இருக்கிறதா, கரண்ட் போனால் என்ன ஏற்பாடு, கோடையில் தண்ணீர் லாரியா, வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, கம்பளி எத்தனை தருவார்கள் என்பதையும் கேளுங்கள். குளிர் அதிகம் என்று கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்தாதீர்கள். கேர்டேக்கரே கொண்டுவந்து வைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

வேளச்சேரி: இ-பாஸை ஓனரே எடுத்துத் தருகிறேன், 500 கொடுங்கள் என்கிறார்.

வண்டியில் மலைக்குப் போக எடுக்க வேண்டிய அனுமதிதான் இ-பாஸ், அது இலவசம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வந்தது. அரசு தளத்தில் நீங்களே எடுக்கலாம். 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, சனி ஞாயிறு 6,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். ஆகையால் வீட்டுக்குப் பணம் கட்டும் முன் பாஸ் கிடைக்கிற தேதியா என்று பாருங்கள். அரசு பஸ்ஸில் போனால் இந்தத் தலைவலியே இல்லை. எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறி கொடைக்கானல் ரோட்டில் இறங்கினால் அங்கிருந்து 80 கி.மீ., பெரும்பகுதி மலைப்பாதை.

போரூர்: மசினகுடியில் யானை நடமாடும் இடத்திலேயே ஒரு வீடு கிடைக்கிறது, சீப்பாகவும் இருக்கிறது.

சீகூர் யானை வழித்தடத்தில் இருந்த ரிசார்ட்டுகளை மூடச் சொன்ன உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த வீடு வழித்தடத்துக்குள் வருகிறதா என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். யானை வாசலுக்கே வரும் என்று விளம்பரம் செய்கிறவரிடம் எனக்கு மரியாதை கிடையாது.

திருவான்மியூர்: அமெரிக்க பாஸ்போர்ட் வைத்திருக்கும் அண்ணன் மகனும் எங்களோடு வருகிறான்.

வெளிநாட்டுக் குடிமகன் என்பதால், அவன் தங்குவதை ஓனர் 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். "அதெல்லாம் தேவையில்லைங்க" என்றால் வேறு வீடு பாருங்கள்.

தாம்பரம்: போய்ப் பார்த்தால் போட்டோவில் இருந்த வீடே இல்லை என்றால்?

பெட்டியை இறக்குவதற்கு முன் போட்டோ, வீடியோ எடுத்து ஓனருக்கு அனுப்புங்கள். வேறு வீடோ பணமோ கேளுங்கள். மீதிப் பணம் உங்கள் கையில் இருக்கும்வரை உங்கள் பேச்சு எடுபடும். முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுக்காதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான். ஒத்துவரவில்லை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், திண்டுக்கல்லுக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. முதலில் நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் பேசிப் பாருங்கள்.

கொளத்தூர்: சமையலுக்கு ஆள் கிடைக்குமா?

பெரும்பாலும் கேர்டேக்கரின் வீட்டம்மாவே சமைத்துத் தருவார். பேச்சு தெளிவாக இருக்கட்டும்: சாமான் நாம் வாங்கித் தருவதா, தலைக்கு இவ்வளவா, கேஸ் யார் கணக்கு. பணத்தை அந்த அம்மா கையிலேயே கொடுங்கள், ஓனர் பில்லில் சேர்த்தால் முழுசாகப் போய்ச் சேருமா தெரியாது. காய்கறி அங்கேயே வாங்கலாம். மலைப்பூண்டு மட்டும் வரும்போது எனக்குக் கால் கிலோ.