நீள்வட்ட நாசில்: ஜெட்டின் அச்சு ஏன் மாறவில்லை?

நீள்வட்ட நாசிலிலிருந்து பாயும் ஜெட்டில் சற்றுத் தூரம் போனதும் நெட்டச்சும் குற்றச்சும் இடம் மாறிக்கொள்ளும்; இதுதான் அச்சு மாற்றம். கணினி உருவகப்படுத்தலில் வலையை (பாய்வைப் பிரித்துக் கணக்கிடும் கட்டங்களை) மூன்று முறை நுணுக்கியும் 2:1 நீள்வட்ட ஜெட்டில் அச்சு மாறவில்லை என்றால், சந்தேகப்பட வேண்டியது நீங்கள் எடுத்திருக்கும் நிலையான கே-எப்சிலான் மாதிரியைத்தான் (கொந்தளிப்பைச் சராசரியாக மட்டும் கணக்கிடும் முறை). நாசில் விளிம்பிலிருந்து கிளம்பும் சுழல் வளையத்தில் வளைவு கூடிய இரு ஓரங்களும் முந்திச் செல்வதால்தான் வளையம் மடங்கி அச்சு மாறுகிறது. சராசரி எடுத்தால் அந்த வளையங்களே மறைந்துவிடும்.

எல்.இ.எஸ். (பெரிய சுழல்களை நேரடியாகவே கணக்கிடும் முறை) ஓட்டிப் பாருங்கள், கால் பகுதியை அல்ல, முழுப் பரப்பையும். பிறகு நெட்டச்சு, குற்றச்சு இரண்டிலும் அரைவேக அகலத்தை (வேகம் நடுக்கோட்டு வேகத்தில் பாதியாகும் இடம் வரையிலான அகலம்) நாசிலிலிருந்து உள்ள தூரத்துக்கு எதிராக வரையுங்கள். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் அச்சு மாறுகிறது. வேகத்தை நிறங்களில் காட்டும் நிறப்படத்தை மட்டும் நம்பி நான் ஒரு வாரத்தை வீணாக்கியிருக்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும்: நாசில் நீண்ட குழாயாக இருந்து, விளிம்பில் எல்லை அடுக்கு (சுவரை ஒட்டி மெதுவாக ஓடும் படலம்) தடித்திருந்தால், உண்மையிலேயே மாற்றம் மங்கலாகத்தான் இருக்கும்.