பீன்ஸ் வெந்த தண்ணீரை என்ன செய்தீர்கள்?

இத்தாலியின் தொஸ்கானா பக்கத்துக் குளிர்காலச் சமையலைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி, ரிபொல்லீத்தா என்கிற கெட்டியான பீன்ஸ், கீரை, ரொட்டி சூப்பைச் சொதப்பிய கதை. ஃபிளாரன்ஸில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடைக்குப் பாத்திரம் கழுவப் போய், 11 வருஷம் அதே அடுப்படியில் நின்றவன் என்ற தைரியத்தில் பதில் சொல்கிறேன்.

கறுப்புக் கேல், வெள்ளை பீன்ஸ், கேரட், செலரி எல்லாம் போட்டுத்தான் ரிபொல்லீத்தா வைத்தேன். பீன்ஸை அவித்து வடித்துவிட்டுச் சேர்த்தேன். தண்ணிச் சாறாக வந்துவிட்டது. எங்கே பிழை விட்டேன்?
– வாசகி, லண்டன்

'வடித்துவிட்டு' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான். நானும் அந்தப் பாவத்தைச் செய்தவன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு அண்டா பீன்ஸைச் சோறு வடிக்கிற மாதிரி வடித்துத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டேன். எங்கள் சமையலம்மாவுக்கு அப்போதே எழுபது இருக்கும். திட்டவில்லை. வடிகட்டியை என் கையிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, "இது பாஸ்தாவுக்கு" என்றார். வாசல் பலகையில் சாக்கட்டியால் எழுதியிருந்த சூப்பின் பெயரை நான்தான் போய் அழித்தேன்.

அந்தத் தண்ணீரில்தான் கெட்டி இருக்கிறது. 300 கிராம் கன்னெல்லீனி என்கிற வெள்ளை பீன்ஸை இரவே ஊறவையுங்கள். காலையில் புதுத் தண்ணீரில் இரண்டு பல் பூண்டு, நாலு சேஜ் இலை, ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெய் விட்டு, முதலில் நன்றாகக் கொதிக்கவிட்டுப் பிறகு சிறு தீயில் குழைய வேகவிடுங்கள். பாதியை அதன் தண்ணீரோடு மசியுங்கள், மீதியை முழுசாக வையுங்கள். வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் பொடியாக அரிந்து எண்ணெயில் கால் மணி நேரம் வதக்க வேண்டும். சிவக்கக் கூடாது. பிறகு ஒரு உருளைக்கிழங்கு, இரண்டு தக்காளி, கீரை, பீன்ஸ் தண்ணீர்.

கீரை என்றால் காவொலோ நேரோ, நீங்கள் சொன்ன கறுப்புக் கேல்தான். உங்கள் ஊர்க் கடைகளில் இதே பெயரில் கட்டாகக் கிடைக்கும். தவளை முதுகு மாதிரி கொப்புளம் கொப்புளமாக, கறுப்புக்குப் பக்கத்துப் பச்சை. காம்பை ஒரு கையில் பிடித்து மறு கையால் முருங்கைக்கீரை உருவுவது போல ஒரே இழுப்பு. நடு நரம்பு தனியே வந்துவிடும். விரல் அகலத்துக்கு அரிந்தால் போதும். உறைபனி பட்ட இலைக்குத்தான் இனிப்பு. குளிர் தாங்குவதற்காகச் செடி தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொள்கிறது. பனி விழுவதற்கு முன் வரும் கட்டை எங்கள் சமையலம்மா தொடக்கூட மாட்டார்.

இரண்டு மணி நேரம் சிறு தீயில் கிடந்ததும் காய்ந்த ரொட்டித் துண்டுகளை அடுக்கி, மேலே சூப்பை ஊற்றி மூடிவிடுங்கள். அன்றைக்கே சாப்பிட்டால் அதன் பெயர் ரொட்டி சூப். இரவு தாண்டி மறுநாள் திரும்பக் கொதித்தால்தான் ரிபொல்லீத்தா. அந்தச் சொல்லுக்கே 'மறுபடி கொதித்தது' என்றுதான் அர்த்தம். ரொட்டி பால் சேர்த்த மெத்து ரொட்டியாக இருந்தால் பசை காய்ச்சின மாதிரி ஆகிவிடும். தொஸ்கானா ரொட்டியில் உப்பே கிடையாது. நீங்கள் புளித்த மாவு ரொட்டியை இரண்டு நாள் காயவைத்துப் போடுங்கள், சூப்பில் உப்பைக் குறையுங்கள்.

இதிலேயே ஆலிவ் போடலாமா? பாட்டில் ஆலிவ் போட்டுப் பார்த்தேன், வாயில் வைக்க முடியவில்லை, அவ்வளவு உப்பு.
– வாசகர், கோவை

ரிபொல்லீத்தாவில் ஆலிவின் வேலை எண்ணெயோடு முடிந்தது. காய் வேண்டுமென்றால் தெற்கே நேப்பிள்ஸுக்குப் போக வேண்டும். அங்கே ஸ்கரோலா என்கிற லேசான கசப்புக் கீரையைப் பூண்டும் மிளகாயும் தாளித்த எண்ணெயில் வதக்கி, வெள்ளை பீன்ஸைத் தண்ணீரோடு சேர்த்து, கயேத்தா ஆலிவைப் போடுவார்கள். கத்தரிப்பூ நிறத்தில் சின்னதாக, கொட்டையோடு இருக்கும். கடைசிப் பத்து நிமிஷத்தில் போட்டு, அதன் பிறகு உப்புப் பாருங்கள், பெரும்பாலும் தேவைப்படாது. பாட்டிலில் ஒரே அச்சாகக் கன்னங்கரேலென்று இருந்தால் திருப்பி லேபிளைப் படியுங்கள். ஃபெரஸ் குளுக்கோனேட் என்றிருந்தால், அது பச்சைக் காயைக் காரநீரில் போட்டு, காற்றேற்றிக் கறுப்பாக்கியது. பீட்சாவில் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

சுற்றுலாவில் மரத்திலிருந்து ஒரு ஆலிவைப் பறித்துக் கடித்துவிட்டேன். மாலை வரை நாக்கில் கசப்பு. விஷமா?
– வாசகர், சூரிச்

விஷமில்லை, ஓலியூரோபின் என்கிற கசப்புப் பொருள், ஆலிவ் காயிலேயே இருப்பது. அந்தக் கசப்பு இறங்கத்தான் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, அப்புறம் மாதக்கணக்கில் உப்புநீரில் போடுகிறார்கள்.

ஸ்லோ குக்கரில் பீன்ஸை நேரே போட்டுவிட்டு வேலைக்குப் போகலாமா? எனக்குத் தோலும் வேகமாட்டேன் என்கிறது.
– வாசகி, டொராண்டோ

நேரே போடாதீர்கள் தாயே. இந்த வெள்ளை பீன்ஸும் ராஜ்மா இனம்தான், அதில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் உண்டு. சிவப்பில் அதிகம், வெள்ளையில் குறைவு. ஸ்லோ குக்கர் சூட்டில் அது சாகாது, வாந்திதான். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு (இதை மட்டும் கொட்டலாம்), புதுத் தண்ணீரில் 10 நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிட்டுப் பிறகு போடுங்கள். தோலுக்கு: ஊறவைக்கும்போதே உப்புப் போடுங்கள். உப்புப் போட்டால் வேகாது என்பது வீண் பழி. வேகவிடாமல் செய்வது தக்காளிப் புளிப்பும் கடின நீரும் பழைய சரக்கும்.

கறுப்புக் கேலுக்குப் பதில் அரைக்கீரை?
– வாசகி, மதுரை

இரண்டு மணி நேரத்தில் காணாமல் போய்விடும். நூல்கோல் வாங்கும்போது கடைக்காரர் முறித்துப் போடுகிறாரே, அந்த இலையைக் கேட்டு வாங்குங்கள். நூல்கோல், முட்டைக்கோஸ், காவொலோ நேரோ எல்லாம் ஒரே செடியினம். கோஸின் வெளிப் பச்சை இலையும் சேரட்டும். பீன்ஸுக்குக் காராமணி போடுங்கள், வெட்கப்பட வேண்டாம். அமெரிக்காவிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் இந்த பீன்ஸ் வருமுன் இத்தாலியர் தின்றது காராமணி இனம்தான். தொஸ்கானாவில் இன்றும் அது விலைக்குக் கிடைக்கிறது.

மேலே சீஸ் துருவலாமா?
– வாசகர், சிங்கப்பூர்

எங்கள் கடையில் கேட்டால் கிடைக்காது. நவம்பரில் ஆட்டி வரும் புது எண்ணெய், தொண்டையில் மிளகாய் மாதிரி பிடிக்கும். அதைத் தட்டின் மேல் தாராளமாக ஊற்றுவோம். பக்கத்தில் பச்சை வெங்காயம். சமையலம்மா அதற்குக் கத்தி எடுக்க மாட்டார். பலகையில் வைத்து உள்ளங்கையால் ஒரே குத்து.