விமானப்படை இருக்கும்போது கடற்படைக்குத் தனியாக விமானங்கள் எதற்கு? அவற்றில் எத்தனை வகைகள் உள்ளன?

நான் வளர்ந்தது அரக்கோணத்தில். ஊருக்கு வெளியே ஐ.என்.எஸ். ராஜாளி என்னும் கடற்படை விமானத்தளம் 1992 மார்ச்சில் தொடங்கப்பட்டபோது நான் பள்ளி மாணவன். அங்கு வந்து சேர்ந்த ரஷ்யத் தயாரிப்பான டியு-142 விமானத்தின் சத்தத்தை அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் இருந்த எவரும் மறந்திருக்க முடியாது. நான்கு எஞ்சின்கள், ஒவ்வொரு எஞ்சினிலும் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு புரொப்பல்லர்கள் என்று அமைந்த அந்த விமானம் பள்ளிக்கு மேலே வரும்போது ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிடுவார். அது கடந்துபோய்ச் சத்தம் அடங்கிய பிறகே விட்ட இடத்திலிருந்து தொடர்வார். சில நாள்களில் பொழுது சாயும் வேளையில் கிளம்பிப் போகும் சத்தம் கேட்கும், விடியற்காலையில் திரும்பி வரும் சத்தம் கேட்கும். இரவு முழுவதும் அது எங்கே போய்விட்டு வருகிறது என்பதுதான் அப்போது எனக்கிருந்த கேள்வி. உங்கள் கேள்விக்கான விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது. அது குண்டு போடப் போகவில்லை, தேடப் போனது. கடற்படை விமானம் என்றதும் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து சீறிக் கிளம்பும் போர் விமானத்தின் படம்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது என்றாலும், கடற்படை விமானங்களில் பெரும்பாலானவற்றின் முதல் வேலை பரந்த கடலில் ஒரு பொருளைக் கண்டுபிடிப்பதே. எனக்கு நன்கு தெரிந்த இந்தியக் கடற்படையை வைத்தே இதை விளக்குகிறேன்.

பூமி உருண்டை என்பதால் ரேடாருக்கும் தொடுவானம் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 25 மீட்டர் உயரத்தில், ஒரு போர்க்கப்பலின் உச்சியில் பொருத்தப்பட்ட ரேடார், கடலின் மேற்பரப்பை ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவு வரைதான் பார்க்க முடியும். அலைகளை ஒட்டி 5 மீட்டர் உயரத்தில் பறந்து வரும் ஏவுகணை, 30 கிலோமீட்டர் அளவில் நெருங்கிய பிறகே அதன் பார்வைக்குள் வரும். ஒலியின் வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக வரும் ஏவுகணைக்கு அந்தத் தூரத்தைக் கடக்க 100 விநாடிகள் போதும். அதே ரேடாரை 3,000 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனால் கடல் மேற்பரப்பு 220 கிலோமீட்டருக்கும் மேல் விரிந்து தெரிகிறது. எத்தனை நூறு கோடி செலவிட்டுக் கட்டிய கப்பலானாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

இந்தக் கணக்கைப் பிரிட்டிஷ் கடற்படை உயிர்களை இழந்து கற்றது. 1982ஆம் ஆண்டு ஃபாக்லாந்து போரில், மே 4 அன்று, அர்ஜென்டினாவின் சூப்பர் எதெந்தார் விமானங்கள் கடலை ஒட்டித் தாழப் பறந்து வந்து ஏவிய எக்ஸோசெட் ஏவுகணை ஒன்று ஷெஃபீல்டு என்னும் கப்பலைத் தாக்கியது. 20 பேர் இறந்தார்கள். உயரத்தில் நின்று முன்கூட்டியே எச்சரிக்கும் ரேடார் விமானம் அந்தக் கப்பற்படையிடம் இருக்கவில்லை. அத்தகைய விமானங்களைச் சுமந்த பெரிய கப்பல்களை அவர்கள் முன்பே கைவிட்டிருந்தார்கள். அதன் பிறகுதான் அவசர அவசரமாக ஹெலிகாப்டரில் ரேடாரைப் பொருத்தினார்கள். அந்தப் போரில் பிரிட்டிஷ் தலைமைக் கப்பலாக இருந்த ஹெர்மெஸ்தான் 1987இல் இந்தியாவுக்கு வந்து ஐ.என்.எஸ். விராட் ஆனது.

இந்திய கடற்படை இந்தத் தேவைக்காக வைத்திருப்பது கா-31 என்னும் ரஷ்ய ஹெலிகாப்டர். இதற்கு வால் சுழலி கிடையாது. ஒரே தண்டில் ஒன்றன்மேல் ஒன்றாக எதிரெதிராகச் சுழலும் இரண்டு சுழலிகள் இருப்பதால் உடல் குட்டையாகி, கப்பலின் குறுகிய கூடத்துக்குள் அடங்குகிறது. கிளம்பும்போது அதன் வயிற்றோடு ஒட்டி மடிந்திருக்கும் ஏறக்குறைய 6 மீட்டர் நீளப் பலகை ஒன்று, உயரத்துக்குப் போனதும் கீழே இறங்கி நின்று மெல்லச் சுழலத் தொடங்கும். அந்தப் பலகைதான் ரேடார். அமெரிக்கா இதே வேலைக்கு இ-2 ஹாக்ஐ என்னும் விமானத்தை வைத்திருக்கிறது. அது கா-31ஐவிட நீண்ட நேரம், அதிக உயரத்தில் நிற்கக்கூடியது. ஆனால் அதை இயக்க, விமானத்தை உந்தி எறியும் கேட்டபுல்ட் அமைப்பு கப்பலில் இருக்க வேண்டும். நம்முடைய இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களிலும் அந்த அமைப்பு இல்லை. போர் விமானங்களின் எண்ணிக்கையைப் பற்றி நடக்கும் விவாதங்களைவிட இந்தக் குறையைப் பற்றிய பேச்சு மிகக் குறைவாகவே கேட்கிறது என்பது என் வருத்தம்.

கடலின் மேற்பரப்பைப் பார்ப்பதே இத்தனை சிரமம் என்றால், நீருக்கடியில் இருப்பதைத் தேடுவது அதைவிடப் பன்மடங்கு கடினம். நீண்ட தூரக் கடல் கண்காணிப்பு விமானங்கள் இதற்காகவே இருக்கின்றன. இந்தியாவில் இந்த வேலை தொடக்கத்தில் விமானப்படையிடம்தான் இருந்தது. 1976இல்தான் விமானப்படை தன்னிடமிருந்த சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்களைக் கடற்படைக்கு மாற்றிக் கொடுத்தது. கண்டுபிடிப்பவரும் அதைப் பின்தொடர்ந்து போகும் கப்பலின் தளபதியும் ஒரே பயிற்சியில், ஒரே கட்டளையின் கீழ் வந்தவர்களாக இருக்க வேண்டும் என்பதே கடற்படையின் நெடுநாள் வாதமாக இருந்தது. 1988இல் டியு-142 வந்தது. 2017 மார்ச்சில் அரக்கோணத்திலேயே ஓய்வு பெற்றது.

ஓய்வு பெற்ற ஒரு விமானத்தை விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். சிறுவயதில் சத்தமாக மட்டுமே அறிந்திருந்த அந்த விமானத்துக்கு அடியில், அதன் புரொப்பல்லர் இதழ்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நான் வெகுநேரம் நின்றேன். உள்ளே நடக்கும்போது ஏற்பட்ட வியப்பு வேறு வகையானது. அவ்வளவு பெரிய விமானத்துக்குள் ஆள்கள் இருக்க வேண்டிய இடம் அவ்வளவு குறுகலாக இருந்தது. பக்கத்துக் கூடத்தில் சோனோபாய் எனப்படும் ஒலிமிதவைகளைப் பார்க்கலாம். பார்ப்பதற்கு அவை வெறும் உலோகக் குழாய்கள்தான். விமானத்திலிருந்து போட்டால் சிறிய பாராசூட்டில் இறங்கும். நீரைத் தொட்டதும் ஒரு பகுதி மேலே மிதந்து வானொலி அலைகளை அனுப்ப, இன்னொரு பகுதி கம்பியில் கீழே இறங்கி ஒலியைக் கேட்கும். இப்படிப் பல மிதவைகளை வரிசையாக விதைத்துவிட்டு, விமானம் மேலே வட்டமிட்டுக்கொண்டே ஒரு நீர்மூழ்கியின் சுழலியோ பம்போ எழுப்பும் சிற்றொலிக்காகக் காத்திருக்கும். நான் சிறுவனாக வியந்த அந்த இரவுகளில், கடலுக்கு மேலே நடந்தது இந்தக் காத்திருப்புதான்.

இப்போது அந்த இடத்தில் இருப்பது போயிங் நிறுவனத்தின் பி-8ஐ. நாம் பயணம் செய்யும் போயிங் 737 விமானத்தின் உடலைக் கொண்டே இது உருவாக்கப்பட்டது. ஜன்னல்கள் அநேகமாக இல்லாத ஒரு 737 என்று மனத்தில் நினைத்துக்கொள்ளலாம். முதல் விமானம் 2013 மே மாதம் அரக்கோணத்துக்கு வந்தது. இப்போது மொத்தம் 12 இருக்கின்றன. இரண்டாவது படைப்பிரிவு 2022 மார்ச்சில் கோவாவில் தொடங்கப்பட்டது. இந்த வகை விமானம் தளத்திலிருந்து ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர் தள்ளிப் போய், அங்கே 4 மணி நேரம் தேடிவிட்டுத் திரும்பக்கூடியது. நீருக்கடியில் பாய்ந்து தாக்கும் டார்பிடோவும் கப்பல் எதிர்ப்பு ஏவுகணையும் இதில் உண்டு. அமெரிக்கக் கடற்படை தன்னுடைய பி-8இல் வேண்டாம் என்று விட்டுவிட்ட ஒரு கருவியை இந்தியா கேட்டு வாங்கிப் பொருத்தியிருக்கிறது. நீர்மூழ்கியின் இரும்புடல் பூமியின் காந்தப்புலத்தில் ஏற்படுத்தும் சிறு மாற்றத்தை உணரும் கருவி அது. அடுத்த முறை பி-8ஐ படத்தைப் பார்க்கும்போது வாலின் முனையைக் கவனியுங்கள். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு போன்ற பகுதி அதுதான்.

ஒலிமிதவைகள் மட்டும் போதாது என்பதற்குக் கடலே காரணம். நீரின் வெப்பமும் உப்பும் ஆழத்துக்கு ஆழம் மாறுவதால் ஒலி நேர்கோட்டில் செல்லாமல் வளைகிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் வங்காள விரிகுடாவின் மேற்பரப்பில் உப்புக் குறைந்த அடுக்காகப் பரவியிருப்பதால், அங்கே இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். அடுக்குக்குக் கீழே பதுங்கும் நீர்மூழ்கியைத் தேட, ஒலியைக் கொண்டு தேடும் கருவியான சோனாரையே அடுக்குக்குக் கீழே இறக்க வேண்டும். அந்தரத்தில் அசையாமல் நிற்கத் தெரிந்த ஹெலிகாப்டர் இந்த இடத்தில்தான் தேவைப்படுகிறது. அது அலைகளுக்கு மேலே நின்றபடி கம்பியில் சோனாரை நீருக்குள் விட்டு, கேட்டு, சுருட்டிக்கொண்டு, சில கிலோமீட்டர் தள்ளிப் போய் மறுபடியும் விடும். 1980களின் இறுதியில் வந்த சீ கிங் 42பி பல ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தது; ரஷ்யாவின் கா-28 இன்னொன்று. சீ கிங்குக்கு மாற்றாக 2020இல் 24 எம்எச்-60ஆர் சீஹாக் ஹெலிகாப்டர்களுக்கு ஒப்பந்தம் போடப்பட்டு, 2024 மார்ச் 6 அன்று கொச்சியில் முதல் படைப்பிரிவு தொடங்கப்பட்டது. என்னைக் கேட்டால், கடந்த பத்தாண்டுகளில் கடற்படைக்கு வந்தவற்றில் மிகவும் அவசரமாகத் தேவைப்பட்டது இதுவே. தேடும் ஹெலிகாப்டர் இல்லாத போர்க்கப்பல், தன்னைத் தேடி வரும் நீர்மூழ்கிக்கு எளிய இரை.

சிறிய வேலைகளுக்கு 1960களிலிருந்தே சேவையில் இருக்கும் சேத்தக்கும், இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்.ஏ.எல்.) தயாரிப்பான துருவ்வும் உள்ளன. துருவ் நல்ல ஹெலிகாப்டர்தான் என்றாலும், சுழலி இதழ்களை மடக்கினாலும் சிறிய கப்பல்களின் கூடத்துக்குள் அடங்காது என்பதே கடற்படையின் நெடுநாள் குறையாக இருந்தது. நிலத்தில் பறப்பதற்கென வடிவமைத்ததைக் கடலுக்குக் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்பது இதில் தெரியும்.

போர் விமானங்களுக்கும் இந்தக் கடினம் உண்டு. 262 மீட்டர் நீளமுள்ள விமானந்தாங்கிக் கப்பலான ஐ.என்.எஸ். விக்ராந்தின் முன்முனை 14 பாகை மேல்நோக்கி வளைந்திருக்கிறது. விமானம் தன் சொந்த எஞ்சின் விசையால் ஓடி அந்த வளைவில் ஏறி எழும்ப வேண்டும். ஆகையால் அது சுமக்கும் எரிபொருளுக்கும் ஆயுதங்களுக்கும் வரம்பு உண்டு. இறங்கும்போது வாலடியில் உள்ள கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டிய மூன்று கம்பிகளில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். சக்கரம் தளத்தைத் தொட்ட கணத்தில் விமானி எஞ்சின் விசையைக் குறைப்பதில்லை, முழுமைக்கும் கூட்டுகிறார். கொக்கி கம்பியைத் தவறவிட்டால், கடலில் விழாமல் மீண்டும் மேலெழும்ப அந்த விசை வேண்டும். இப்போது இதைச் செய்வது மிக்-29கே. மொத்தம் 45 வாங்கப்பட்டன. அவற்றில் ஒற்றை இருக்கை வகையில் பறக்கும் நிலையில் இருந்தவற்றின் விகிதம் 15.93 முதல் 37.63 விழுக்காடு வரையே இருந்தது என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2016ஆம் ஆண்டு அறிக்கை சொன்னதை, இந்த விமானத்தைப் பற்றிப் பேசும்போது மறைக்கக் கூடாது. 2025 ஏப்ரலில் 26 ரஃபேல்-எம் விமானங்களுக்கு ஒப்பந்தமானது. அவற்றில் கப்பலில் இறங்கக்கூடியவை ஒற்றை இருக்கை கொண்ட 22 மட்டுமே, மற்ற நான்கும் பயிற்சிக்கானவை.

கான்பூரில் தயாராகும் டோர்னியர்-228 பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை என்றாலும், கரையோரக் கண்காணிப்பின் அன்றாடப் பாரத்தைச் சுமப்பது அந்தச் சிறிய இரட்டை எஞ்சின் விமானமே. அதன் படைப்பிரிவு ஒன்று 2019 முதல் சென்னை மீனம்பாக்கத்தில் இருக்கிறது. போர் விமானிகள் விசாகப்பட்டினத்தில் ஹாக் ஜெட்டில் பயில்கிறார்கள். ஹெலிகாப்டர் விமானிகள் அரக்கோணத்தில் பயில்கிறார்கள். விமானம் ஓட்டாமல், தேடுவதற்கென்றே பயிற்சி பெறும் அப்சர்வர் என்னும் அதிகாரிகளைக் கொச்சியில் உருவாக்குகிறார்கள். கண்காணிப்பு விமானத்தில் அந்த அப்சர்வரே பணியின் தலைவராகவும் இருக்கலாம்.

ஆளில்லா விமானங்கள் அண்மைய சேர்க்கை. ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் உள்ள ஐ.என்.எஸ். பருந்து தளத்திலிருந்து இவை ஏற்கெனவே பறந்துவந்தன. 2020இல் குத்தகைக்கு எடுக்கப்பட்ட எம்க்யூ-9பி சீ கார்டியன் இரண்டும் அரக்கோணத்திலிருந்து இயங்கின. ஒன்று 2024 செப்டம்பரில் கடலில் இறக்கப்பட்டு இழக்கப்பட்டது. அடுத்த மாதமே முப்படைகளுக்குமாக 31 வாங்க ஒப்பந்தம் போடப்பட்டது. அவற்றில் 15 கடற்படைக்கு உரியவை.

விமானப்படை இருக்கும்போது என்று நீங்கள் கேட்ட பகுதிக்கு 2024 மார்ச்சில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ரூயன் என்னும் சரக்குக் கப்பலைச் சோமாலியக் கொள்ளையர்கள் மூன்று மாதங்களாகத் தங்கள் பிடியில் வைத்திருந்தார்கள். இந்தியக் கரையிலிருந்து ஏறக்குறைய 2,600 கிலோமீட்டர் தொலைவில், ஐ.என்.எஸ். கொல்கத்தா அதை மறித்தது. பி-8ஐ விமானமும் ஆளில்லா விமானமும் மேலிருந்து கண்காணித்தன. கடற்படையின் மார்கோஸ் கமாண்டோக்களையும் அவர்களுடைய படகுகளையும் கொண்டுபோய்க் கடலில் பாராசூட் மூலம் இறக்கியது விமானப்படையின் சி-17 சரக்கு விமானம். 40 மணி நேரத்துக்குப் பிறகு 35 கொள்ளையர்கள் சரணடைந்தார்கள். கப்பலில் இருந்த 17 மாலுமிகளும் காயமின்றி மீட்கப்பட்டார்கள். சுமந்துபோய் இறக்குவதில் விமானப்படை கைகொடுத்தது; கடலுக்கு மேலே நின்று கண்காணித்தது கடற்படையின் விமானங்களே.