ரிட்லர் விருது: பளபளப்பு மட்டும் போதுமா?

கேள்வி: அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், தனிப்பட மாற்றிக் கட்டிய கார்களுக்காக நடக்கும் ஆட்டோரமா கண்காட்சியின் ரிட்லர் விருதுக்கு, வேறு இடத்தில் பரிசு வாங்கிய காரை அனுப்பலாமா? நடுவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

பதில்: அனுப்ப முடியாது. கார் முதன்முதலாக அங்கேதான் காட்சிக்கு வர வேண்டும். 1964 முதல், கண்காட்சியை வளர்த்த டான் ரிட்லர் நினைவாக இந்த விருது தரப்படுகிறது. முதலில் எட்டுக் கார்களைப் பொறுக்குவார்கள். அதில் ஒன்றுக்கு விருது. பரிசு 10,000 டாலர். காரைக் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் கொசுறுதான்!

மேல் பெயின்ட் மட்டும் மின்னினால் தேறாது. அடிப்பக்கமும் அதே தரத்தில் இருக்க வேண்டும். காருக்குக் கீழே முகம் பார்க்கும் கண்ணாடி வைத்தே அதைக் காட்டுகிறார்கள். பலர் சறுக்குவது கதவு இடைவெளியில். வெறும் தகட்டில் 4 மில்லிமீட்டர் விட்டால், பிரைமர் (அடிப்பூச்சு), நிறம், கிளியர் கோட் (மேலே அடிக்கும் நிறமற்ற பளபளப்புப் பூச்சு) சேர்ந்து ஓரத்துக்குக் கால் மில்லிமீட்டராவது ஏறும். இரண்டு ஓரமும் சேர்ந்தால் அரை மில்லிமீட்டர் போச்சு. இடைவெளி குறுகிய இடத்தில், திறக்கும்போது ஓரம் உரசிப் பெயின்ட் பெயரும். அதனால் பிரைமர் அடித்தபின் மறுபடி பொருத்தி அளக்க வேண்டும். குரோம் பூசிய போல்ட்டும் அப்படியே: மரை தடித்து இறுகும், பூச்சுக்கு முன்பே மரையை மூடிவிடுங்கள். கிளியர் கோட் நன்றாகக் காயுமுன் 1500, 2000 எண் உப்புத்தாளில் தேய்த்தால், சில வாரத்தில் சுருங்கி மினுக்கம் மங்கும்.